மகமையும் மைதானமும்

எங்கள் வாசகர் வட்டம் வவுனியாவில் மாதம் ஒருமுறை கூடும். நூலைப் பற்றிப் பேச வந்தவர்கள் வரியைப் பற்றி வாதிட்டுக் கலைந்த மாலை ஒன்று அதன் வரலாற்றில் உண்டு. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி, யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்கொன்றுக்குச் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். அதைத் தொடர்ந்து வந்த கூட்டத்திலேதான் அவ்வாதம் மூண்டது.

தொடக்கி வைத்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். "மண்டைதீவுக்கு ஓர் அரங்கு வருமாயின் வன்னிப் பெருநிலத்துக்கு ஏன் வரக்கூடாது? கொழும்பின் கையை எதிர்பார்த்திருப்பானேன்? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் விற்கும் பொருள்களுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வரி வைப்போம். பத்து ஆண்டில் நம் பணத்திலேயே அரங்கு எழும்" என்றார். முல்லைத்தீவில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் உடனே மறுத்தார். "என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான ஓட்டப்பாதை ஒன்றில்லை. நீங்கள் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து பார்க்க இடம் தேடுகிறீர்களே, சேர்!" என்றார். அன்று நான் எப்பக்கமும் பேசவில்லை. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தமையே காரணம். பின்பு ஆற அமர எண்ணியதை இங்கு எழுதுகிறேன்.

முதலில், கணித ஆசிரியரின் யோசனை நகைப்புக்குரியதன்று. அமெரிக்க நாட்டில் அது நாள்தோறும் நடக்கும் வழக்கு. ஒக்லகோமா நகரத்தார் 1993ஆம் ஆண்டிலே தம் விற்பனைப் பொருள்கள்மீது நூற்றுக்கு ஒன்று வரி ஏற்று, அதைக் கொண்டு விளையாட்டரங்குடன் நூலகமும் கட்டினர். 2023ஆம் ஆண்டு டிசெம்பரில், தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணிக்குப் புதிய அரங்கு வேண்டும் என்று கேட்டபோதும், ஆறாண்டு வரிக்குப் பெரும்பான்மையாக இசைந்தனர். ஆனால் மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரம் அமைந்துள்ள ஜாக்சன் கவுண்டி மக்கள், 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் அத்தகைய வரியை மறுத்துவிட்டனர். அவ்வூர் உதைபந்தாட்ட அணி நாட்டின் வாகை சூடி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. வெற்றிவிழாவில் தெருவை நிறைத்த மக்களிற் பலர் வாக்குச் சாவடியில் 'வேண்டாம்' என்று எழுதினர். அணியை நேசிப்பது வேறு, அதன் உரிமையாளர்க்கு அரங்கு கட்டிக்கொடுப்பது வேறு என்பதை அவர்கள் பிரித்தறிந்தனர். அரங்குகளுக்குப் பொதுப்பணம் செலவிட்ட ஊர்கள் அச்செலவுக்கு ஈடான வளர்ச்சியை அரிதாகவே கண்டன என்பது பொருளியலார் பலரும் ஒத்துக்கொண்ட முடிபாகும்.

விற்பனையிலிருந்து பொதுக் காரியத்துக்கு ஒரு பங்கு எடுப்பது நமக்கும் புதிதன்று. அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் மகமை. மூட்டைக்கு இவ்வளவு, ரூபாய்க்கு இவ்வளவு என்று வணிகர் தாமே ஒதுக்கிக் கோயிலையும் மடத்தையும் பள்ளியையும் நடத்தினர். காமராசர் சிறுவயதிற் பயின்ற விருதுநகர்ச் சத்திரிய வித்தியாசாலை அத்தகைய மகமையால் வளர்ந்ததே. மகமையில் ஒரு நுட்பம் உண்டு. கொடுப்பவர் கூடி முடிவு செய்தனர். கணக்கையும் அவர்களே கேட்டனர். செலவிட்ட காரியம் அவர்கள் கண்ணெதிரே நின்றது. இம்மூன்றும் சேர்ந்தால்தான் அது மகமை. ஒன்று குறைந்தாலும் வெறும் வசூலாகிவிடும்.

இந்த அளவுகோலை வன்னியில் வைத்துப் பார்ப்போம். விற்பனை வரி விதிக்கும் உரிமை நம் பிரதேச சபைகளுக்கு இல்லை. ஆதனவரி, வியாபார அனுமதிக் கட்டணம், களியாட்ட வரி என்பனவே அவற்றின் வருவாய். ஆனால் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மொத்த விற்பனை, சில்லறை விற்பனை ஆகியவற்றின்மீது புரள்வு வரி விதிக்கும் அதிகாரத்தை, பாராளுமன்றம் வகுக்கும் எல்லைக்குட்பட்டு, மாகாண சபைகளுக்கு வழங்கியது. மாகாணங்கள் அதனை அறவிட்டும் வந்தன. 2011ஆம் ஆண்டு தொடக்கம் அவ்வரி கைவிடப்பட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு மாகாணங்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் அந்த வரியும் நீக்கப்பட்டது. வடக்கு மாகாண சபைக்கு முதற்றேர்தல் நடந்ததோ 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில். அதாவது, வரி போன பின்னரே சபை வந்தது. 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதன் காலமும் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஆளுநரின் ஆட்சியே நடக்கிறது.

ஆகவே, கணித ஆசிரியரின் ஒரு ரூபாயை வேண்டும் என்பதற்கும் மன்றமில்லை. வேண்டாம் என்பதற்கும் மன்றமில்லை. நாங்கள் அன்று சூடாக வாதிட்டது, தீர்ப்பளிக்க எவரும் இல்லாத வழக்கொன்றை.

சபை இருந்தால் நான் அவ்வரியை ஆதரிப்பேனா? மாட்டேன். மாதம் நாற்பதாயிரம் ரூபாய் உழைக்கும் கூலித் தொழிலாளி அத்தனையையும் அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் செலவிடுகிறான் என்று கொள்வோம். அவன் கொடுக்கும் வரி நானூறு ரூபாய். வருவாயில் நூற்றுக்கு ஒன்று. நான்கு இலட்சம் உழைத்து ஒன்றேகால் இலட்சம் செலவிடுபவர் கொடுப்பது ஆயிரத்து இருநூற்றைம்பது. அவர் வருவாயில் நூற்றுக்கு மூன்றிலொன்றும் இல்லை. எளியவன் தோளிலேதான் பாரம் அழுத்தமாக விழுகிறது. 2024ஆம் ஆண்டு சனவரி முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்திருக்கும் நாட்டில், அதன் தலையில் இன்னொன்றா? 2016ஆம் ஆண்டு எடுத்த வீட்டு வருமானச் செலவின அளவீட்டின்படி நாட்டில் வறியோர் நூற்றுக்கு 4.1 பேர்; கிளிநொச்சியிலோ 18.2. எல்லா மாவட்டங்களிலும் அதுவே மிகுதி. அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடி அம்மக்களை மேலே தூக்கியிருக்காது.

மேலும், வவுனியாவிற் பொருள் விலை ஏறினால் மதவாச்சி தொலைவில் இல்லை. வாகனம் உள்ளவர் மாகாண எல்லையைத் தாண்டி வாங்குவார்; துவிச்சக்கர வண்டிக்காரர் உள்ளூரில் நின்று வரி கொடுப்பார். மாகாணத்தில் ஐந்து மாவட்டங்கள் இருக்க, வன்னியிற் சேர்த்த பணம் வன்னியிலேயே செலவாகும் என்பதற்கும் உறுதியில்லை.

அரங்கு எழுந்தாலும் அங்கே ஆடுவது யார்? 2020ஆம் ஆண்டில் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியே முதற்கிண்ணத்தை வென்றது. நம் இளைஞர் மகிழ்ந்தனர்; நானும் மகிழ்ந்தேன். ஆயின் அத்தொடர் முழுவதும் நடந்தது தென்கோடியிலுள்ள அம்பாந்தோட்டைச் சூரியவெவ அரங்கில். 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கெனக் காட்டை வெட்டிக் கட்டிய அரங்கு அது. அவ்வாண்டின் அரங்கப் பணிகளால் துடுப்பாட்டச் சபை பெருங்கடனில் விழுந்தது. முப்பத்தையாயிரம் இருக்கைகள் ஆண்டின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? போர் முடிந்தபின் கிளிநொச்சியிலே விளையாட்டரங்கு ஒன்று தொடங்கப்பட்டதும், அது ஆண்டுக்கணக்காக முற்றுப்பெறாமற் கிடந்ததும் ஏ-9 வீதியிற் சென்றவர் யாவரும் அறிந்ததே. வன்னி மக்கள் அதனைக் கேட்டு வாங்கவில்லை. அதற்கென ஒரு வரிக்கு வாக்களிக்கவுமில்லை. ஆதலால் வேலை நின்றபோது, 'என் பணம் எங்கே?' என்று கேட்கும் உரிமை தமக்குண்டு என அவர்கள் உணரவில்லை. கொடையாக வந்த பொருளை யார் கணக்குக் கேட்பர்? கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதம் ஓமாகமையில் அறுபதினாயிரம் பேருக்கான அரங்கொன்று அறிவிக்கப்பட்டது. இருக்கும் அரங்குகளிலேயே போதிய ஆட்டங்கள் இல்லையே என்று மகேல ஜயவர்தன முதலிய முன்னாள் வீரர்கள் வெளிப்படையாகக் கேட்டனர். திட்டம் கைவிடப்பட்டது.

இங்கேதான் அந்தக் கணித ஆசிரியருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர் அரங்கைக் கேட்டார் என்றே அன்று எண்ணினேன். இப்போது பார்க்கையில், நாமே பணம் போட்டு நாமே முடிவெடுக்க வேண்டும் என்பதையே அவர் கேட்டிருக்கிறார். நெடுங்காலம் ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கி நின்ற மண்ணில் அது பெரிய கேள்வி. அரங்குக்கு வரியா என்று வாக்குச் சீட்டு வந்தால் 'இல்லை' என்றே புள்ளடி இடுவேன். ஆனால் அச்சீட்டு நம் கைக்கு வரவேண்டும் என்பதற்காக அவரோடு சேர்ந்து வாதாடுவேன். மாகாண சபைத் தேர்தலைக் கேட்பது அரசியல்வாதிகளின் தொழில் மட்டுமன்று. ஓட்டப்பாதை கேட்கும் ஆசிரியையின் தொழிலுமாகும்.

அதுவரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நாம் வாக்களித்துத் தெரிந்த உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு மைதானம். அதிலே சமமான தரை, ஓட்டப்பாதை, குடிநீர், மின்விளக்கு, பெண்பிள்ளைகள் உடைமாற்ற ஓர் அறை. இவ்வளவுக்கு எந்தச் சர்வதேசமும் தேவையில்லை. ஊர் விளையாட்டுக் கழகங்களும் கடைக்காரர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் மகமையாகக் கொடுக்கட்டும். வரவும் செலவும் மைதான வாசலில் பலகையில் எழுதப்படட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நூல் எதையும் குறிக்கவில்லை. பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டுப் பெற்று வருவதாக முல்லைத்தீவு ஆசிரியை சொல்லியிருக்கிறார். கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலையைக் கணித ஆசிரியர் ஏற்றுக்கொண்டார்.