திருடு போன இரண்டு முதுகுப்பைகள்

ஒரே துன்பம் இரண்டு பேருக்கு வந்தது. ஒருவன் காவலன் ஆனான், மற்றவன் கள்வன் ஆனான். ஆகவே வறுமையைக் காரணம் காட்டாதே. அகிரா குரோசாவா 1949-இல் இயக்கிய ‘நோரா இனு’ படத்தைப் பார்த்தவர்களில் பலர் இந்த முடிவோடுதான் எழுந்து போகிறார்கள். ‘தெருநாய்’ என்பது அந்தத் தலைப்பின் பொருள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை.

போரில் தோற்ற ஜப்பான். தோக்கியோவில் மண்டையைப் பிளக்கும் வெயில். இளம் துப்பறியும் அதிகாரி முராகாமியின் கைத்துப்பாக்கி நெரிசலான பேருந்தில் களவு போகிறது. அதில் ஏழு தோட்டாக்கள். பழைய இராணுவ உடையை மாட்டிக்கொண்டு அவர் கள்ளச்சந்தைகளில் அலைகிறார். வசனமே இல்லாமல் நீளும் இந்தப் பகுதிக்காக உண்மையான சந்தைத் தெருக்களில் படம் பிடித்தவர் இஷிரோ ஹோண்டா. பின்னாளில் ‘காட்ஸில்லா’வை எடுத்த அதே ஹோண்டாதான். கதை நகரவில்லை என்று இந்த இடத்தில் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கோ படத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. அந்தச் சந்தையில் துப்பாக்கியை வாடகைக்குத் தருகிறார்கள். அடகாக அரிசிப் பங்கீட்டு அட்டையைக் கேட்கிறார்கள். சோற்றை அடகு வைத்துத் துப்பாக்கி வாங்கும் ஊரைப் பற்றி இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

அப்படி வாங்கியவன் யூசா. போர் முடிந்து ஊர் திரும்பும்போது அவனுடைய முதுகுப்பை திருடு போயிருக்கிறது. முராகாமியின் முதுகுப்பையும் அப்படியே திருடு போனதுதான். அந்த ஆத்திரத்தில் தானும் கொள்ளையடிக்கத் துணிந்திருக்கக்கூடும் என்றும், பிறகு எதிர்வழியைத் தேர்ந்து காவல்துறையில் சேர்ந்ததாகவும் முராகாமியே சொல்கிறார். “எல்லாம் அவரவர் தேர்வு” என்பவர்களுக்கு இந்த இடம் போதுமானதாகிவிடுகிறது.

ஆனால் அதன் பிறகு அவருக்குக் கிடைத்தவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? துப்பாக்கியைப் பறிகொடுத்த முராகாமி பதவி விலகல் கடிதம் கொடுக்கிறார். மேலதிகாரி அதைக் கிழித்துப் போடுகிறார். மூத்த துப்பறிவாளர் சாத்தோ அவரை வீட்டுக்கே அழைத்துச் சென்று பீர் ஊற்றிக் கொடுத்து, தூங்கும் தம் பிள்ளைகளைக் காட்டி மகிழ்கிறார். யூசாவுக்கு இருந்தது அக்காள் வீட்டை ஒட்டிய ஒரு குடிசை, கிறுக்கி வைத்த சில வரிகள், பிறகு அந்த நடனப் பெண். கடைக் கண்ணாடிக்குள் அவள் ஆசையாகப் பார்த்த உடைக்காகத்தான் அவன் கொள்ளையடிக்கிறான். தேர்வு இருவருக்கும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். தோளில் கை வைக்க ஓர் ஆள் ஒருவருக்குத்தான் இருந்தார்.

அதற்காக யூசாவை மன்னிக்கச் சொல்லவில்லை. அவன் ஒரு பெண்ணைக் கொல்கிறான். அவள் கணவர் தோட்டத்துத் தக்காளிகளை நசுக்கி எறியும் காட்சியைப் பார்த்தவர்கள் மன்னிப்பைப் பற்றி எளிதில் பேசமாட்டார்கள்.

எனக்குள்ள குறை வேறு. ஜப்பான்காரன் காலத்தைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்முடையவை. 1942-43-இல் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவே இல்லை. ஆகவே ஊர் திரும்பும் ஜப்பானிய வீரனைத் திரையில் பார்க்கும்போது, ‘நீ எங்கிருந்து திரும்புகிறாய்?’ என்று கேட்கத் தோன்றுகிறது. படம் அதைக் கேட்பதில்லை. அவர்களுடைய முதுகுப்பை தொலைந்த இடத்திலிருந்துதான் அதன் கணக்கு தொடங்குகிறது. அதற்கு முன்பு அந்தப் படை யார் யாருடையதைப் பறித்தது என்பது கணக்கில் வரவில்லை. குரோசாவா போன்ற நேர்மையான கலைஞர் அங்கே போகாதது எனக்கு ஏமாற்றமே.

இருந்தும் கடைசித் துரத்தலுக்காகவே இப்படத்தை மறுபடியும் பார்ப்பேன். இருவரும் சேற்றில் புரண்டு எழும்போது காவலன் யார், கள்வன் யார் என்று தெரிவதில்லை. விலங்கு மாட்டிய பிறகு இருவரும் காட்டுப் பூக்களுக்கிடையே மூச்சிரைக்கக் கிடக்கிறார்கள். பக்கத்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டே போக, யூசா ஓலமிட்டு அழுகிறான். பிறகு மருத்துவமனையில், காயம்பட்டுப் படுத்திருக்கும் சாத்தோ, நாளடைவில் யூசாவை மறந்துவிடுவாய் என்று முராகாமிக்குத் தேறுதல் சொல்கிறார். முராகாமியின் முகத்தைப் பார்த்தால் மறப்பவராகத் தெரியவில்லை.