சுழியம் எவ்வகை விடை?

பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையானவை. எஞ்சிய ஐந்தும் குறிப்பால் விடையாகின்றவை. 'இதைச் செய்வாயா?' என்று வினவினால் 'கை வலிக்கும்' என்பது உறுவது கூறல். சொன்னது வலியைப் பற்றி, உணர்த்தியது மறுப்பை. மனிதர் சூழலால் அதை அறிந்துகொள்வர். கணினிக்கு அந்த நயம் வாய்க்காது.

விருதுநகர் வட்டாரக் கல்லூரிகளில் கணினிப் பயன்பாடு பயிலும் மாணவர்களுக்கும் முதற்பகுதித் தமிழ் உண்டு. அவர்களுக்கு இப்பாடத்தை நடத்தியபோதுதான் அவர்களுடைய துறையின் விடைகள்மீது நம் கவனம் சென்றது.

நிரல் ஒன்று இயங்குதளத்திடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறது. வேலையைச் செய்யும் செயற்கூறு முடிவில் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணே விடை. விண்டோஸில் 'வின்எக்ஸெக்', 'ஷெல்எக்ஸிக்யூட்' என்று இரு பழைய செயற்கூறுகள் உள்ளன. இரண்டாலும் வேறொரு நிரலைத் தொடங்கலாம். முன்னதில் 31-ஐ விடப் பெரிய எண் வந்தால் வெற்றி. பின்னதில் 32-ஐ விடப் பெரிய எண் வந்தால்தான் வெற்றி. ஆக, 32 என்னும் ஒரே எண் ஓரிடத்தில் 'ஆயிற்று', மற்றோரிடத்தில் 'ஆகவில்லை'.

இன்னும் சிக்கலானது 'செட்விண்டோலாங்'. சாளரம் ஒன்றின் பண்பை மாற்றிவிட்டு, அதன் பழைய மதிப்பைத் திருப்பித் தருவது அது. தோல்வியுற்றால் சுழியம் தரும். பழைய மதிப்பே சுழியமாக இருந்தால்? அப்போதும் சுழியம்தான்.

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரி கருகியும் வெடிக்காத வெடி தரையில் கிடக்கிறது. நமுத்துவிட்டதா, உள்ளே நெருப்பு இன்னும் ஊர்கிறதா என்பதை அதன் மௌனம் சொல்லாது. அதனால்தான் அருகில் குனிந்து பார்க்காதே என்பதை முதலிலேயே சொல்லி வளர்க்கிறோம்.

செயற்கூறின் ஆவணமும் வழி சொல்லாமல் இல்லை. முதலில் பிழைக்குறிப்பைச் சுழியமாக்கு, பிறகு செயற்கூறை அழை, பிறகு பிழைக்குறிப்பைப் பார் என்கிறது. ஆனால் 'தோல்வியெனில் சுழியம்' என்று தீர்ப்பாகச் சொல்லி முடித்த பிறகே இந்த விலக்கைச் சொல்கிறது. முதல் வரியோடு நின்றுவிடும் மாணவன் வெற்றியைத் தோல்வியென்று கொள்வான்.

முழுவதும் படிப்பது நிரலர் கடமை என்பாருண்டு. கடமைதான். எனினும் எச்சரிக்கையை முன்வைப்பது எழுதுவோர் கடமையன்றோ? செயற்கூறையே இனி மாற்றுவது எளிதன்று. அதை நம்பி எழுதிய பழைய நிரல்கள் பழுதாகும். மாற்றத்தக்கது விளக்கம் ஒன்றே. மூலத்தைத் தொடாமல் பொருளைத் துலக்கும் கலை நமக்குப் புதிதன்று. நன்னூலுக்கு மயிலைநாதரும் சங்கர நமச்சிவாயரும் செய்தது அதுவே. எந்த எண் வந்தால் என்ன பொருள், ஐயம் எழுந்தால் எதைச் சோதிப்பது என்னும் இரண்டையும் ஒவ்வொரு செயற்கூறின் தலைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். பழைய செயற்கூறுகளுக்கு இன்று தேவை நல்ல உரையாசிரியர்களே என்பது நம் துணிபு.