தேகாப்பியாசம்: வீட்டுக் கோதாவுக்கு மண்

தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் தினசரிகளில் நாள் தவறாமல் யாராவது ஒருவர் 'கோதாவில் குதிக்கிறார்'. குதிக்கிறவருக்கும் சரி, அதை எழுதுகிறவருக்கும் சரி, கோதா என்பது மல்லர்களுக்காக மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய குழி என்பது ஞாபகம் இருக்குமோ என்னவோ! ஆகையால், தம் பையனும் பெண்ணும் குஸ்தி பழகுவதற்காக வீட்டுப் பின்புறத்தில் ஒரு சிறு கோதா அமைக்க உத்தேசித்திருக்கும் நேயர் ஒருவரின் கடிதத்தைக் கண்டு மிகவும் சந்தோஷமடைந்தேன். ஆனால் கடிதத்தின் கடைசி வரி என்னைத் திடுக்கிடச் செய்தது. "நல்ல களிமண் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

பல வருஷங்களுக்கு முன் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அப்போது எங்கள் ஊர் ஏரியில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். வெண்ணெய்போல் வழுவழுவென்றிருந்த கரம்பை மண்ணைக் கண்டதும் ஆசையை அடக்க முடியவில்லை. வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குழியை நிரப்பினேன். இரண்டு மாதம் அது பட்டு மெத்தையாகத்தான் இருந்தது. பிறகு கோடை பிறந்தது. ஒரு கல்யாணத்தை முன்னிட்டுப் பத்து நாள் வெளியூர் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் குழி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலே நாலு குடம் தண்ணீரைத் தெளித்துவிட்டு, பிள்ளைகளை இறங்கச் சொன்னேன். மேல் அரை அங்குலம் சேறு. அதன் கீழே கருங்கல்! வழுக்கி விழுந்த என் தமையனார் மகனுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தான். தமையனார் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணிதான் அந்த ஆறு வாரமும் என்னோடு பேசவில்லை.

குற்றம் மண்ணினுடையது அல்ல, அதைத் தேர்ந்தெடுத்தவனுடையது. களியின் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் சிறியது. தகடு போன்ற வடிவமுள்ளது. நனைந்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. உலர்ந்தால் இறுகப் பிணைந்துகொள்கின்றன. சிலவகைக் களிகள் தகடுகளுக்கிடையே தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, காயும்போது சுருங்கி வெடிக்கும். கரிசல் நிலத்தில் கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பிளவு காண்பது இதனால்தான். செம்மண்ணில் பெரும்பாலும் இருக்கும் களியோ அவ்வளவாகப் பருப்பதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆகவே மணல் கலந்த செம்மண்ணே கோதாவுக்கு உகந்தது என்பது என் தீர்மானம். வெறும் மணல் போதாதா என்றால், போதாது. அது முழங்கையையும் முழங்காலையும் அரம்போல் தேய்த்துவிடும்.

மண்ணை வாங்குமுன் சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதித் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிஷத்தில் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மறுநாள் அடுக்குகளை அளந்து பார்த்தால் பாதிக்கு மேல் மணலும், ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் களியும் இருக்கவேண்டும். களி மிஞ்சினால் ஆற்று மணலைச் சலித்துச் சேர்க்கலாம்.

இனி, வேண்டாத மண்ணைப் பற்றி. வெள்ளை பூத்த உவர் மண் வியர்த்த உடம்பில் எரிச்சல் உண்டாக்கும். வீடு இடித்த இடத்து மண்ணில் ஆணியும் கண்ணாடியும் இருக்கும். இவற்றைவிட அபாயகரமானது, எரு இட்ட தோட்டத்து மண். தொழுவத்தை அடுத்த மண்ணும் அப்படியே. மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும், எரு கலந்த மண்ணிலும் தனுர்வாதக் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். அவை வருஷக்கணக்கில் மண்ணில் கிடந்தும் சாவதில்லை. வெயிலில் உலர்த்துவதாலும் அவற்றை நம்பத்தக்கபடி ஒழிக்க முடியாது. ஒரு சிறு சிராய்ப்பே அவை உடம்பில் நுழையப் போதுமானது. வட நாட்டு அக்காடாக்களில் மஞ்சளும் கடுகெண்ணெயும், கோல்ஹாப்பூர் தாலீம்களில் மோரும் மண்ணில் கலப்பார்கள். எண்ணெய் தூசியை அடக்கும், ஈரத்தைக் காக்கும். நானும் மஞ்சளும் நல்லெண்ணெயும் கலந்துதான் வருகிறேன். ஆனால் மஞ்சள் இருக்கிறதே என்று தடுப்பூசியை மறந்துவிடக்கூடாது. இந்திய அரசின் அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் இதற்கான ஊசி போடவேண்டும். ஊசி போட்டதை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே பிள்ளையைக் குழியில் இறக்குங்கள். புண் ஆறும் வரை இறக்கவே வேண்டாம்.

பிள்ளைகள் பழகுவதற்குப் பத்தடிச் சதுரம் போதும். சுவரிலிருந்து நாலடியாவது விலகியிருக்கட்டும். அடியில் அரை அடி உடைகல்லும் மணலும் பரப்பி, அதன்மேல் ஒன்றரை அடிக்கு மண் நிரப்பவேண்டும். அதாவது 150 கன அடி. மண் வியாபாரியின் கணக்கில் ஒன்றரை யூனிட். உள்ளே போடுமுன் முழுவதையும் சலித்துவிடுங்கள். சலித்த மண்ணிலும் ஒரு காந்தத்தை இழுத்துப் பார்ப்பது நல்லது. நான் பார்த்தபோது மூன்று குண்டூசியும் ஒரு பிளேடுத் துண்டும் அகப்பட்டன.

இவ்வளவும் செய்த பிறகும் கோதா தயாராகிவிடவில்லை. எப்பேர்ப்பட்ட மண்ணும் பிள்ளைகள் நாலு நாள் மிதித்தால் இறுகத்தான் செய்யும். மெத்தென்ற தன்மை மண்வெட்டியில் இருக்கிறது. முதல் நாள் மாலையில் தண்ணீர் தெளித்து, மறுநாள் காலையில் முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கட்டிகளை உடைத்துச் சமன் செய்யவேண்டும். கைப்பிடி மண்ணைப் பிசைந்தால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலால் குத்தினால் உதிரவேண்டும். உதிராவிட்டால் ஈரம் அதிகம், உருண்டையாகாவிட்டால் போதாது. கொத்தும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அக்காடாக்களில் பெரிய மல்லர்களும் தங்கள் கையால்தான் மண் கொத்துகிறார்கள். தோளுக்கும் இடுப்புக்கும் அதைவிட நல்ல அப்பியாசம் எனக்குத் தெரியவில்லை.

நேயர் இன்னொரு சந்தேகமும் கேட்டிருக்கிறார்: பந்தயமெல்லாம் இப்போது மெத்தை விரிப்பில் நடக்கும்போது மண்ணில் பழகிப் பிரயோஜனம் உண்டா? 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற காஷாபா ஜாதவ், மஹாராஷ்டிரத்து மண்ணில் பழகியவர்தான். ஆனால் மண்ணும் விரிப்பும் ஒன்றல்ல என்பதும் வாஸ்தவம். 1910-இல் லண்டனில் விரிப்பின்மேல் காமா பயில்வானை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தடுத்து நிறுத்திய ஸிபிஸ்கோ, 1928-இல் பட்டியாலாவில் மண் கோதாவில் ஒரு நிமிஷங்கூடத் தாங்கவில்லை. பந்தயத்துக்குப் போக விரும்பும் பிள்ளை பின்னால் விரிப்பிலும் பழகவேண்டியதுதான். விழப் பழகுவதற்கு மண் நல்லது.

பூனைகளை மறந்துவிட்டேனே! கொத்திய மண்ணைக் கண்டால் பூனையும் நாயும் அதைத் தமக்காகவே தயாரித்ததாக எண்ணிக்கொள்ளும். அவற்றின் கழிவிலிருந்து கொக்கிப்புழு முதலியவை மண்ணில் பரவும். பயிற்சி முடிந்ததும் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் செங்கல் வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மேலே ஒரு கீற்றுக் கொட்டகையும் அவசியம். தண்ணீர் தேங்கி மண்ணில் நாற்றம் கண்டால், தெளிப்பதை நிறுத்தி, மண்ணை வெளியே வாரி, மெல்லியதாகப் பரப்பி நன்றாக உலரவிடுங்கள். நான் வருஷந்தோறும் சித்திரையில் முழுவதையும் வெளியே எடுத்து மறுபடி சலித்து, மூன்றில் ஒரு பங்குக்குப் புது மண் சேர்க்கிறேன்.

செம்மண் கறை துணியை விட்டுப் போகாது. கோதாவுக்கென்று இரண்டு ஜோடிப் பழைய உடுப்புகளை ஒதுக்கி, அவற்றைத் துவைக்க ஒரு தனி வாளியும் வைத்துவிட்டால் வீட்டம்மாளின் ஆட்சேபம் பாதி குறையும். மீதிப் பாதிக்கு என்னிடம் வழி இல்லை.