பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

மாணவர்களே, மருந்தகத்தில் சன்ஸ்கிரீன் எனப்படும் வெயில்காப்புக் களிம்புகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். 'மென்மையான தோலுக்கு ஏற்றது', 'ஒவ்வாமை தராதது', 'தோல் மருத்துவர்கள் சோதித்தது', 'ரசாயனம் இல்லாதது' என்று ஒவ்வொரு பெட்டியும் ஏதாவது ஒன்றைச் சொல்லும். முகப்பரு, அரிப்பு, தடிப்பு என்று அவதிப்படும் பதினைந்து பதினாறு வயதினர் பலர் இந்தச் சொற்களை நம்பித்தான் சேர்த்து வைத்த பணத்தைக் கொடுக்கிறார்கள். என் கருத்து இதுதான்: அந்த முகப்புச் சொற்களுக்காக ஒரு ரிங்கிட்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். பெட்டியைத் திருப்புங்கள். பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியல்தான் நமக்கு உதவும். அதைப் படிக்கத் தேவையான அறிவியலில் பாதி உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

முகப்புச் சொற்களை ஏன் நம்பக் கூடாது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 'ஒவ்வாமை குறைவானது' என்று ஒரு பொருளில் அச்சிட வேண்டுமானால் அதை மனிதர்களிடம் சோதித்து நிரூபிக்க வேண்டும் என்று அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் 1975இல் விதி கொண்டு வந்தது. அழகுசாதன நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. அன்றிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்கு அரசாங்க வரையறை எதுவும் இல்லை. நிறுவனம் என்ன பொருளில் சொல்கிறதோ அதுதான் பொருள். 'தோல் மருத்துவர்கள் சோதித்தது' என்பதும் இப்படித்தான். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், முடிவு என்ன என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

நம் ஊர் வெயில்

களிம்பைப் பற்றிப் பேசும் முன் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். மலாக்கா மாநிலத்தின் தென்கோடியில், ஜாசின் மாவட்டத்தில் இருக்கும் சுங்கை ரம்பாய், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 2 பாகையில்தான் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. மற்ற மாதங்களிலும் அது அதிகம் சாய்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 11க்கு மேல் போனால் 'மிகக் கடுமை' என்று பொருள். மேகமில்லாத நாளில் நம் வட்டாரத்தில் நடுப்பகலில் அந்த அளவு எட்டப்படுவது புதிதல்ல.

நடுப்பகல் என்றால் 12 மணி என்று எண்ணிவிடாதீர்கள். நம் கடிகாரம் கிழக்கு நெடுவரை 120 பாகையை ஒட்டி ஓடுகிறது. சுங்கை ரம்பாய் 102 பாகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. பூமி 1 பாகை சுழல 4 நிமிடம். கணக்குப் போட்டால், நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணிக்கு மேல், சுமார் 1.10 மணியளவில். காலைப் பள்ளி முடிந்து பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரமும், திடலுக்கு இறங்கும் நேரமும் இதை ஒட்டித்தான் வருகின்றன.

அந்த வெயிலில் இரண்டு வகைப் புற ஊதாக் கதிர்கள் நம்மைத் தொடுகின்றன. 280 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ள 'பி' வகை தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கிறது. 315 முதல் 400 வரை உள்ள 'ஏ' வகை தோலுக்குள் ஆழமாக இறங்கிக் கருமையையும் முதுமைத் தோற்றத்தையும் தருகிறது. இரண்டுமே தோல் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. பெட்டியில் உள்ள எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகப் 'பி' கதிருக்கானது. 'பி.ஏ.' என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கூட்டல் குறிகள் 'ஏ' கதிருக்கானவை.

எஸ்.பி.எஃப். எண்ணை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். எண் 30 என்றால் முப்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே போகிறது. அதாவது ஏறத்தாழ 97 விழுக்காடு தடுக்கப்படுகிறது. எண் 50 என்றால் 98 விழுக்காடு. இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இல்லை, விலையில்தான் இருக்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இந்த எண்ணை அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் வழக்கமாகப் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. விலை உயர்ந்த களிம்பைக் கஞ்சத்தனமாகத் தடவுவதைவிட, விலை குறைந்ததைத் தாராளமாகப் பூசுவது மேல்.

கதிரைத் தடுப்பவை எவை?

இப்போது பட்டியலுக்கு வருவோம். உட்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதப்படும். 1 விழுக்காட்டுக்கும் குறைவானவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். முதலில் தேட வேண்டியவை கதிர்தடுப்பான்கள்.

ஒன்று துத்தநாக ஆக்சைடு. அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் ஆக்சைடு என்று படிவம் 4 வேதியியலில் நீங்கள் படிக்கும் அதே 'சிங்க் ஒக்சிடா'தான். இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்து வலுவாக்கும்போது தொழிற்சாலைகளில் கலப்பதும் இதுதான். நம் பாட்டன்மார் சீவிய பால் டயராக மாறும் வழியில் இந்த வெள்ளைத் தூளைச் சந்தித்தே போயிருக்கும். வியர்க்குருவுக்குத் தடவும் காலமைனிலும் இது இருக்கிறது. இன்னொன்று டைட்டானியம் டைஆக்சைடு. இந்த இரண்டும் தோலோடு வம்பு செய்வது மிகக் குறைவு. ஆசியான் நாடுகளின் அழகுசாதன விதிகள் இவை ஒவ்வொன்றையும் 25 விழுக்காடு வரை சேர்க்க அனுமதிக்கின்றன. எளிதில் எரிச்சல் காணும் தோல் உள்ளவர்கள் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான்.

இங்கே ஒரு தவறான கருத்தையும் களைய வேண்டும். இவை கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, மற்றவை ரசாயனம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த ஆக்சைடுகளும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை உறிஞ்சித்தான் தடுக்கின்றன, திருப்பி அனுப்புவது ஏறத்தாழ 4, 5 விழுக்காடுதான் என்று காட்டியது. மேலும், துத்தநாக ஆக்சைடு ரசாயனம் இல்லையென்றால் வேறு எதுதான் ரசாயனம்? தண்ணீரும் ரசாயனம்தான். ஆகவே 'ரசாயனம் இல்லாதது' என்று போட்ட பெட்டி உங்கள் வேதியியல் தேர்வில் தோற்றுப்போகும்.

கரிமச் சேர்மங்களான மற்றத் தடுப்பான்களில் எல்லாம் கெட்டவை என்றும் சொல்ல முடியாது. ஆக்சிபென்சோன் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. பட்டியலில் அது 'பென்சோபீனோன்-3' என்று இருக்கும். அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2014ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாக பென்சோபீனோன்களைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆக்டோகிரிலீன் என்ற இன்னொன்று, கீட்டோப்ரோஃபென் கலந்த வலி நிவாரணக் களிம்பால் ஒவ்வாமை கண்டவர்களுக்குச் சிக்கல் தரலாம். விளையாட்டு வீரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வேளையில் 'பிஸ்-எத்தில்ஹெக்ஸைலாக்ஸிஃபீனால் மெத்தாக்ஸிஃபீனைல் ட்ரையஸீன்' என்று வாய் வலிக்கும் பெயருடைய ஒன்று இருக்கிறது. அதன் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் எளிதில் இறங்காது, ஒளியிலும் சிதையாது. பெயர் நீளமாக இருப்பதால் பொருள் ஆபத்தானது என்று ஆகிவிடாது.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது?

பலருக்கு வெயில்காப்புக் களிம்பு ஒத்துக்கொள்ளாமல் போவதற்குக் கதிர்தடுப்பான் காரணமாக இருப்பதில்லை. வாசனைப் பொருளும் பதப்படுத்தும் பொருளும்தான் காரணம். 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃபிராகிரன்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் பல பத்துப் பொருள்கள் ஒளிந்திருக்கலாம். 'மெத்தில்ஐசோதயஸோலினோன்' என்ற பதப்படுத்தியால் ஏராளமானோருக்கு ஒவ்வாமை வந்ததால், கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் பூச்சுகளில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது. இந்தச் சொற்கள் பட்டியலில் இருந்தால், முகப்பில் 'மென்மையான தோலுக்கு' என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

'அப்படியானால் இயற்கை வைத்தியமே மேல்' என்று வீட்டில் பாட்டி சொல்லலாம். மஞ்சளும் சந்தனமும் பெடாக் செஜுக்கும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அவை எத்தனை விழுக்காடு கதிரைத் தடுக்கும் என்று அளந்து எழுதிய எண் எதுவும் அவற்றோடு வருவதில்லை. எலுமிச்சையோ இன்னும் மோசம். அதன் சாற்றிலும் தோலிலும் உள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள் வெயில் பட்டதும் தோலைத் தாக்குகிறது. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமும், வாரக் கணக்கில் மறையாத கருந்திட்டும் வரலாம். முகம் வெளுக்கும் என்று நம்பித் தேய்த்தவருக்கு நேர்மாறானதே கிடைக்கும்.

நிறம் என்ற தூண்டில்

இதில்தான் நம் பிள்ளைகள் மிகவும் ஏமாறுகிறார்கள். 'வெயில் காப்பும் வெண்மையும் ஒரே டப்பாவில்' என்று பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் பெயர் தெரியாத களிம்புகளில் பாதரசம் இருந்ததாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஆராய்ந்த, புரதம் சிறுநீரில் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு அரிதான ஒரு பிரிவு நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது. இத்தகைய களிம்புகளின் பட்டியலில் பாதரசம் என்று எழுதியிருக்காது. பல டப்பாக்களில் பட்டியலே இருக்காது. பட்டியல் இல்லாத எதையும் முகத்தில் பூசாதீர்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைக் கொண்டு தேடினால், அது முறையாக அறிவிக்கப்பட்டதா, பின்னர் ரத்து செய்யப்பட்டதா என்று பார்க்கலாம்.

வெயில்காப்பு யாரையும் வெளுப்பாக்குவதில்லை. அது அதன் வேலையும் அல்ல. நம் கருந்தோலில் உள்ள மெலனின் ஓரளவு காப்பு தருவது உண்மைதான். ஆனால் பரு ஆறிய இடத்தில் விழும் கருந்தழும்பு வெயிலில் இன்னும் கருத்துப்போகும். கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதற்குப் போதும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய களிம்பு. நம் தோட்டத்துச் செம்மண்ணைச் சிவப்பாக்கும் அதே பொருள்தான். துத்தநாகம் முகத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று கவலைப்படுபவர்களுக்கும் இந்தச் சிவப்பு கைகொடுக்கும்.

என்ன செய்யலாம்?

புதிதாக வாங்கியதை நேரே முகத்தில் பூசாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் ஓரிடத்தில், நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். ஒரு வாரம் ஏன் என்றால், எரிச்சல் உடனே தெரியும்; ஒவ்வாமையோ நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்ட பிறகு ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். தடிப்பு வந்தால் களிம்பை நிறுத்திவிட்டு, டப்பாவோடு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். மருத்துவருக்கும் அந்தப் பட்டியல் தேவைப்படும்.

வாங்க வசதி இல்லையென்றால் வருந்த வேண்டியதில்லை. விளிம்பு அகன்ற தொப்பி, குடை, நீளக்கை சட்டை, மர நிழல் ஆகியவற்றில் உட்பொருள் பட்டியல் கிடையாது. எந்தத் தோலுக்கும் ஒவ்வாமை வராது. களிம்பு இவற்றுக்குப் பின்தான். பள்ளிகளுக்கும் ஒன்று சொல்வேன்: பிற்பகல் 1 மணி வெயிலில் மாணவர்களைத் திடலில் நிறுத்திவிட்டு அவர்களைக் களிம்பு பூசச் சொல்வது முறையல்ல. பயிற்சியை மாலை 5 மணிக்குத் தள்ளி வைத்தால் செலவில்லாமல் பாதிச் சிக்கல் தீரும்.

படிவம் 5 வேதியியலில் பயனீட்டாளர் வேதியியல் என்ற பகுதியில் அழகுசாதனப் பொருள்கள் பாடமாகவே இருக்கின்றன. அந்தப் பாடம் வரும் வாரத்தில் வீட்டில் இருக்கும் களிம்பு டப்பாக்களை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். எதில் துத்தநாகம் இருக்கிறது, எதில் வாசனை இருக்கிறது, எதில் பட்டியலே இல்லை என்று ஆசிரியரோடு சேர்ந்து மூன்றாகப் பிரித்து வையுங்கள். மூன்றாவது குவியலில் உங்கள் அக்காவின் டப்பாவோ அம்மாவின் டப்பாவோ இருந்தால், அன்று மாலையே வீட்டில் சொல்லிவிடுங்கள்.