முதல் வீடு வாங்குவோரே, குழாயைப் பாருங்கள்!



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று நகரங்களில் வீட்டைக் கட்டுவோர் குறைவு. வேறொருவர் கட்டும் அடுக்குமாடியில் ஒரு வீட்டை, இருபது ஆண்டு வங்கிக் கடனில் வாங்குவோரே மிகுதி. சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் என் உறவுக்கார இளைஞர் ஒருவரும் அப்படித்தான் வாங்க முனைந்துள்ளார். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அந்த அடுக்குமாடியின் விளம்பர ஏட்டை எனக்கும் அனுப்பியிருந்தார். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், சிறுவர் பூங்கா எல்லாம் வண்ணப் படங்களாக இருந்தன. குடிநீர் எங்கிருந்து வரும் என்று ஒரு வரியும் இல்லை!

மலேசியாவில் வாழும் நமக்கு இந்த விடுபாடு எளிதில் கண்ணில் படாது. இங்கே மேம்பாட்டாளர் சாவியை ஒப்படைக்கும்போது, நீரும் மின்சாரமும் இணைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று சட்டம் வகுத்த விற்பனை ஒப்பந்தமே கூறுகிறது. நீர்த்தடை வருவதுண்டு, ஆனால், வீடுவரை குழாய் வந்திருக்கும். இந்தியாவின் விரைந்து வளர்ந்த புறநகர்களிலோ, வீடு முன்னே போகிறது. குழாய் பின்னே வருகிறது.

2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. எல்லையை ஓர் அரசாணை விரித்துவிடும். நிலத்தடிக் குழாயை அவ்வாறு விரிக்க இயலுமா? பெங்களூரு மாநகராட்சியோடு 110 கிராமங்கள் 2007-இல் இணைந்தன. அவற்றுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில்! இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அங்கே எழுந்த அடுக்குமாடிகள் எத்தனை எத்தனை!

ஆகவே என் கருத்து இதுதான். சுவர் விரிசலைப் பூசலாம், கதவை மாற்றலாம். தெருவில் இல்லாத குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் தனியொரு குடும்பத்தால் கொண்டுவர முடியாது. பின்னர் மாற்ற முடியாததைத்தான் முன்பணம் கொடுப்பதற்கு முன்னர் பார்க்க வேண்டும்.

1. தண்ணீர்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்திய நகரங்களுக்கான திட்ட அளவு. 40 வீடுகள், வீட்டுக்கு நால்வர் என்றால் நாளொன்றுக்கு 21,600 லிட்டர் வேண்டும். குழாய் நீர் இல்லாமல் ஆழ்துளைக் கிணறும் வற்றினால், 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் நாள்தோறும் இரண்டு வர வேண்டும். அந்தச் செலவு மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் வந்து சேரும். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது, பணம் கொடுத்தும் லாரி கிடைக்காமல் மக்கள் தவித்தனர்.

எனவே, "தண்ணீர் உண்டா?" என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பயனில்லை. "உண்டு" என்பார், லாரியில் வருவதும் தண்ணீர்தானே! பக்கத்து அடுக்குமாடியின் காவலாளியிடம், "போன மே மாதம் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வந்தது?" என்று கேளுங்கள். கிணற்று நீரை ஒரு புட்டியில் எடுத்து ஆய்வகத்தில் சோதியுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டுமே 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

2. கழிவுநீர்

குளியலறை ஓட்டின் நிறத்தைக் கேட்க நமக்குக் கூச்சமில்லை. கழிவு எங்கே போகிறது என்று கேட்கத்தான் கூச்சம்! பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா? இல்லையெனில் சுத்திகரிப்பு நிலையம் உண்டா? அது உண்மையில் இயங்குகிறதா? இரண்டும் இல்லாத கட்டடத்தில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும், லாரி வரும், அந்தக் கழிவு எந்த ஏரியில் கொட்டப்படும் என்று எவரும் கேட்பதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும், இத்தகைய தொட்டிகளில் மனிதரை இறக்குவது நிற்கவில்லை. நச்சு வாயுவால் உயிர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. நம் வசதிக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கும் வீடு நமக்கு வேண்டுமா?

3. மின்சாரம்

கட்டுமானப் பணிக்கென வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே குடியேற்றிவிடும் வழக்கம் உண்டு. அதன் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் பொருத்தப்பட்டுள்ளதா என்று நேரில் பாருங்கள். மின்வெட்டின்போது ஜெனரேட்டர் எவற்றை இயக்கும்? மின்தூக்கியை மட்டுமா, நீரேற்றும் மோட்டாரையும் சேர்த்தா? மோட்டார் நின்றால் மாடியில் குழாயும் நின்றுவிடும்.

4. மழைநீர்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற பகுதிகள் மூழ்கின. தண்ணீர் வாராத இடத்திலேயே வெள்ளம் வருவது வியப்பன்று. ஏரியும் சதுப்பு நிலமும் இருந்த இடத்தில் இரண்டும் நேரும். சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியின் மூடி தரைமட்டத்தில் இருந்தால், வெள்ள நாளில் சாக்கடை நீரும் குடிநீரும் கலந்துவிடும். மின்பலகை எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும் பாருங்கள். இயன்றால் மே மாதம் ஒருமுறை, நவம்பர் மாதம் ஒருமுறை அவ்விடம் சென்று வாருங்கள்.

5. தாள்கள்

தமிழ்நாட்டில் பெரிய அடுக்குமாடிகளுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழ் இன்றி நிரந்தர மின், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் கிடையா. "பிறகு வரும்" என்னும் சொல்லை நம்பாமல் சான்றிதழைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குவோருக்குத் துணை நிற்கிறது. குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்கும்வரை இன்றியமையாச் சேவைகளை நியாயமான கட்டணத்தில் தருவது கட்டுமான நிறுவனத்தின் கடமை. ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ சேவைகளிலோ குறை தென்பட்டால், முறையிட்ட 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். ஆனால், எட்டு வீடுகளுக்கு மேற்படாத சிறு கட்டடங்கள் இச்சட்டத்தின்படி பதிவு செய்யத் தேவையில்லை. அங்கே இருமடங்கு விழிப்பு வேண்டும்.

"இவ்வளவும் பார்த்தால் வீடே வாங்க முடியாது, நல்ல குழாயுள்ள இடத்தில் விலை எட்டாது" என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை இல்லாமலில்லை. எல்லாருக்கும் நகர நடுவில் வீடு கிட்டாது. ஆயினும், குறையை அறிந்து வாங்குவது வேறு. அறியாமல் வாங்குவது வேறு. அறிந்தவர் விலையைக் குறைத்துக் கேட்பார். லாரிச் செலவையும் கடன் தவணையோடு கூட்டிப் பார்ப்பார். வாக்குறுதியை ஒப்பந்தத்தில் எழுத வைப்பார்.

வகுப்பறையில் கேள்வி கேட்கும் பிள்ளையை நாம் பாராட்டுகிறோம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் இடத்தில் மட்டும் வாய்மூடி இருப்பதேன்? தமிழகத்தில் வீடு வாங்கும் உறவும் நட்பும் உங்களுக்கு இருந்தால் இந்த ஐந்தையும் சொல்லி வையுங்கள். குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களோடு பள்ளிக்குப் புறப்பட வேண்டிய பிள்ளைகளும்தான்.

கேளுங்கள்; பிறகு கையொப்பமிடுங்கள்.