போகிறவருக்கு மூன்று மாதம், அனுப்புகிறவருக்கு ஒரே மாதம்

சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. அலுவலகங்களில் ஒருவர் ‘பேப்பர் போட்டுட்டேன்’ என்று தன் ராஜினாமாவைச் சொன்னதும் பக்கத்து இருக்கைக்காரர் முதலில் கேட்பது, ‘நோட்டீஸ் எத்தனை நாள்?’ என்றுதான். பல நிறுவனங்களில் 90 நாள். அதே நிறுவனத்தின் ஆள்தேர்வு விளம்பரத்திலோ ‘உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை’ என்று இருக்கும். தன் ஊழியர் மூன்று மாதம் நகரக் கூடாது. போட்டி நிறுவனத்து ஊழியர் மட்டும் நாளைக் காலையே வந்து நிற்க வேண்டும்!

இந்த 90 நாள் எந்தச் சட்டத்திலும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆவது பிரிவு பேசுவது முதலாளியின் கடமையைப் பற்றி. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. காரணத்தோடு நீக்கினாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் விசாரணையில் நிரூபணமானால் அதுவும் தேவையில்லை. தொழிற்சாலைகளுக்கான 1946-ஆம் ஆண்டு மாதிரி நிலையாணைகளிலும் மாதச் சம்பளத் தொழிலாளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது, இரு தரப்புக்கும்.

மூன்று மாதம் வருவது வேலை நியமனக் கடிதத்திலிருந்து. சேரும் நாளின் பரபரப்பில் யாரும் படிக்காமல் கையெழுத்திடும் பக்கத்தில் அது இருக்கும்: 90 நாள் நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம். அதோடு பல கடிதங்களில், பணத்தை ஏற்பதா வேண்டாமா என்பது நிர்வாகத்தின் விருப்பம் என்று ஒரு வரி. சூட்சுமம் அந்த வரியில்தான். நிர்வாகம் நினைத்தால் பணத்தைக் கொடுத்து அன்றைக்கே அனுப்பிவிடலாம். ஊழியர் பணம் கட்டத் தயாராக இருந்தாலும் மேலாளர் தலையசைத்தால்தான் போக முடியும்.

உண்மையில் பிடித்து வைக்க முடியுமா? முடியாது. ஊழியரின் தனிப்பட்ட உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்றச் சட்டம் இடம் தருவதில்லை. ராஜினாமா செய்வது ஊழியரின் உரிமை, விதிகளோ நியமன நிபந்தனைகளோ ஒழுங்கு நடவடிக்கையோ குறுக்கே நிற்காதவரை அவரை வேலை பார்க்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஏர் இந்தியா ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது.

ஆனால் நிறுவனம் இழப்பீடு கேட்கலாம். மூன்றாண்டு முடியும் முன் வேறு வங்கிக்குப் போன விஜயா வங்கி அதிகாரி 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்தின் 43 விமானிகள் நோட்டீஸ் முடிக்காமல் விலகியபோது விமானங்கள் ரத்தாயின. விமானிகளுக்கு ஆறு மாதம், ஓராண்டு என்று நோட்டீஸ் நீள்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொருவரைப் பயிற்றுவிக்க அவ்வளவு காலம் ஆகும். மென்பொருள் சோதிப்பவருக்கும் கணக்கெழுதுபவருக்கும் அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்?

நிறுவனங்கள் பெரும்பாலும் நீதிமன்றம் வரை போவதில்லை. பணிவிடுவிப்புக் கடிதமான ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைத்தாலே போதும், புதிய இடத்து மனிதவளத் துறை கதவைச் சாத்திவிடும். சில தனியார் கல்லூரிகள் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களையே வாங்கிப் பூட்டி வைக்கின்றன. கடைசிச் சம்பளமும் இழுத்தடிக்கப்படுகிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்போ, ராஜினாமா செய்தவரின் சம்பளத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தரச் சொல்கிறது. இது எத்தனை அலுவலகங்களின் கணக்குப் பிரிவுக்குத் தெரியுமோ!

தமிழ்நாடு அரசு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம்: நோட்டீஸ் இரு தரப்புக்கும் ஒரே அளவு, பொதுவான வேலைகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் கூடாது, ரிலீவிங் லெட்டரைப் பணயமாக வைத்தால் அபராதம். அதுவரை, ராஜினாமாவை வாய்மொழியாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஒரு நகலைச் சொந்த முகவரிக்கும் அனுப்புங்கள், கடைசி வேலை நாளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.