சேற்றுக்குப் பிறந்த வண்டியும் சொகுசு என்னும் பெயரும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் அடைக்கப்பட்ட வாகன இறக்குமதிக் கதவு 2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்து விடப்பட்டது. அன்று தொட்டு எம்மை நாடி வருவோர், காணிப் பிணக்கோடும் உறுதிப் பத்திரத்தோடும் இன்னுமொரு வினாவையும் கூடவே கொண்டு வருகின்றனர். "புதிய ஜீப் வண்டிகள் வருகின்றனவாமே, என்ன விலைக்கு வரும்?" என்பதே அவ்வினா. ஒட்டுசுட்டானிலிருந்து வரும் கமக்காரரும் கேட்கின்றார். படுவான்கரையில் கடமையாற்றும் வைத்தியரும் கேட்கின்றார். இவர்கள் ஆடம்பரம் நாடிக் கேட்பவரல்லர். மாரி காலத்தில் நோயாளியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பிரதான வீதிவரை வருவது எமது கிராமங்களிற் புதினமன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது, அறுந்துபோன வீதிகளும் உடைந்துபோன பாலங்களும் எத்தனை ஊர்களைத் தனித் தீவுகளாக்கின என்பதை நாம் மறந்துவிடவில்லை.

என்ன விலை என்று கேட்குமுன், எதற்கு விலை என்று கேட்டல் வேண்டும். இன்று விளம்பரங்கள் பெரும் அற்புதம்போற் பறைசாற்றும் 'டிபரென்ஷல் லொக்' என்பதை எமது கமக்காரர் அறியாதவரல்லர். பட்டணத்துக் கனவான்களுக்கு அது புதுமையாயிருக்கலாம். நாற்சில்லு உழவு இயந்திரத்தில் அமர்ந்து சேற்று வயலை உழுதவனுடைய குதிக்கால் அதனை நெடுங்காலமாக அறியும்.

அதன் தத்துவம் எளிது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரத்தையும் உட்புறச் சில்லு குறைந்த தூரத்தையும் ஓடவேண்டும். இரண்டும் வேறு வேறு வேகத்திற் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியே டிபரென்ஷல். தார் வீதியில் அது பேருதவி. சேற்றிலோ அதுவே பகை. ஏனெனில் அது இரு சில்லுகளுக்கும் விசையைச் சமமாகவே பங்கிடும். ஒரு சில்லு குழைசேற்றிற் பற்றின்றிச் சுழலுமாயின், மேட்டில் உறுதியாக நிற்கும் மற்றச் சில்லுக்கும் அந்த அற்ப விசையே கிட்டும். நுகத்தில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது எவ்வளவு வலியதாயினும் வண்டி நகராது, அதுபோலவே இதுவும். மிதியை அழுத்தியதும் இரு சில்லுகளும் ஒரே அச்சாய்ப் பூட்டப்படுகின்றன. பற்றுள்ள சில்லு முழு விசையையும் பெற்று வண்டியை வெளியே இழுக்கின்றது.

இங்கே விளம்பரக்காரரின் சொற்சாலத்தை வாசகர்கள் நோக்குதல் வேண்டும். 'நான்கு சில்லும் இயங்கும் வண்டி' என்பார்கள். முன்னச்சிலும் பின்னச்சிலும் பூட்டில்லாதவிடத்து, மூலைக்கு மூலையாக இரு சில்லுகள் பற்றிழந்தால் நான்கு சில்லு வண்டியும் நின்றவிடத்தே நிற்கும். இதற்கு மாற்றாகச் சுழலும் சில்லைத் தானே பிரேக் பிடித்து, மற்றச் சில்லுக்கு விசையைத் திருப்பும் மின்னணு முறை இக்காலத்து வண்டிகள் பலவற்றில் உண்டு. அதுவும் நமக்குப் புதிதன்று! உழவு இயந்திரத்தில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் தனித்தனிப் பிரேக் உண்டு. சுழலும் பக்கத்தை மட்டும் மிதித்துச் சேற்றிலிருந்து ஏறி வருவது எம்மவர் கைக்கொள்ளும் பழைய உபாயமே. அம்முறை பயனற்றதென்று நாம் கூறவில்லை. பெரும்பாலான பாதைகளுக்கு அது போதும். 2018இல் வெளிவந்த புதிய சுசூகி ஜிம்னி, அச்சிற் பூட்டின்றி இம்முறையை நம்பியே நல்ல பெயர் எடுத்தது. ஆயினும் அது சில்லு சுழலத் தொடங்கிய பின்னரே வேலை செய்யும். நெடுநேரம் பயன்படுத்தினால் பிரேக் சூடேறும். பூட்டு என்பது வேறு, பூட்டுப்போன்ற ஏற்பாடு என்பது வேறு. 'லொக்கிங்' என்ற சொல்லை இரண்டிற்கும் பொதுவாகச் சூட்டி விற்போர் உளர். ஒப்பந்தச் சட்டம் பயின்றோர்க்கு அச்சொல்லின் விலை விளங்கும்.

மெய்யான பூட்டுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வயல் முடிவிலே திரும்புமுன் மிதியை விட்டுவிடுவதுபோல, கெட்டியான தரைக்கு வந்ததும் அதனை நீக்கிவிடல் வேண்டும். பூட்டியபடி தார் வீதியில் வளைத்தால் ரயர் தேயும், அச்சும் முறியலாம். ஆண்டில் இரண்டு நாள் மட்டும் மண்பாதை காணும் யாழ்ப்பாண நகரவாசிக்கு இப்பூட்டினால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் அதற்குப் பணம் கொட்டுவது அவர் விருப்பம்.

இனி விலைக்கு வருவோம். எதிர்பார்ப்பை வளர்த்து விலை கூறுவது இன்று ஒரு தனிக் கலை. அயலில் இந்தியாவிலே 2024 ஓகஸ்டில் மகிந்திரா தார் ரொக்ஸ் வண்டி 12.99 இலட்சம் இந்திய ரூபாயிலிருந்து கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஊரெங்கும் அந்த எண்ணே பேசப்பட்டது. அது பின்சில்லு மட்டும் இயங்கும் ஆரம்ப வகைக்குரிய விலை. நான்கு சில்லும் இயங்கும் வகையின் விலை பின்னர் வெளிவந்தபோது 18.79 இலட்சத்தில் தொடங்கிற்று. அமெரிக்காவிலோ கதை மறுபுறம். 2021இல் 85,000 டொலருக்கு மேல் விற்ற லாண்ட் குறூசரின் பெயரில், 2024ஆம் ஆண்டு மாதிரியாக வந்த சிறிய வண்டியின் தொடக்க விலை 56,000 டொலருக்குச் சற்றுக் குறைவாயிருந்தது. அதில் நடுப்பூட்டும் பின்னச்சுப் பூட்டும் தொடக்க வகையிலேயே அடங்கின. பூட்டு என்பது கோடீசுவரர்க்கு மட்டும் உரிய பொருளன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்விலைகளை இலங்கை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மகிழ்வோர்க்கு ஒரு வார்த்தை. எமது நாட்டில் வண்டியின் விலையைத் தீர்மானிப்பது தொழிற்சாலையன்று, திறைசேரி. 2025இல் கதவு திறந்தபோது இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு 20. அத்தீர்வையின்மேல் அதன் பாதி மேலதிக வரி. அதன்பின் எஞ்சினின் கன சென்ரிமீற்றர் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும் உற்பத்தி வரி. பெறுமதி எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி. இவற்றின்மேல் நூற்றுக்கு 18 பெறுமதி சேர் வரி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இச்சுமையில் எம்மை உறுத்துவது கன சென்ரிமீற்றர்க் கணக்கே. கொள்ளளவு கூடக்கூட ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்குமான வரியும் கூடுகின்றது. சேற்றில் மெதுவாகவும் வலுவாகவும் இழுக்கும் எளிய பழையபாணி எஞ்சின் பெரிதாகவே இருக்கும். 2025 ஒக்டோபரில் ரொயோற்றா நிறுவனம் வெளிக்காட்டிய சிறிய லாண்ட் குறூசர் எவ்.ஜே. வண்டியும் 2.7 லீற்றர் எஞ்சின் உடையது. சிறு எஞ்சினில் அழுத்தக் காற்றூட்டி வேகம் பெறும் நகரத்துச் சொகுசுக் கார், உற்பத்தி வரியில் இலகுவாகத் தப்பிவிடுகின்றது. தோலாசனம் பொருத்திய அந்தக் கார் குறைந்த வரிக்கும், நெல் மூடை ஏற்றும் வண்டி கூடிய வரிக்கும் உட்படுவது எந்நீதி?

இவ்வகை வண்டியின் பிறப்பையேனும் அதிகாரிகள் நினைவு கொள்ளட்டும். லாண்ட் றோவர் 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமானபோது அதன் விலை 450 பவுண். அதனை உருவாக்கிய வில்க்ஸ் சகோதரர் வேல்சிலுள்ள தம் பண்ணைக்கு உதவும் வண்டியையே மனதிற் கொண்டிருந்தனர். அதன் எஞ்சினிலிருந்து பண்ணைக் கருவிகளையும் இயக்கலாம். அது வர்த்தக வாகனமா, பயண வாகனமா என்ற வினா 1950களில் பிரித்தானிய நீதிமன்றம் வரை சென்றது. வண்டியின் உருவத்தையன்றி அது எதற்குப் பயன்படுகின்றது என்பதையே நோக்க வேண்டும் என்ற முடிவு நிலைபெற்றது. ஆங்கிலச் சட்டத்தை எதற்கெல்லாமோ மேற்கோள் காட்டும் எமது திறைசேரி இதனையும் படித்துப் பார்க்கலாம்.

பயன்பாட்டைக் கொண்டு சலுகை வழங்கினால் மோசடி பெருகும் என்பர். மெய்தான். பாராளுமன்ற உறுப்பினர்க்குப் பல்லாண்டு காலமாக வழங்கப்பட்டு வந்த தீர்வையற்ற அனுமதிப் பத்திரங்கள் எவ்வாறு கைமாறின என்பது ஊரறிந்த செய்தி. அவ்வண்டிகள் எந்தச் சேற்றையும் கண்டனவாக நாம் அறியோம். ஆனால் அந்த அனுபவம் உணர்த்துவது யாது? பதவியைக் கண்டு சலுகை கொடுத்தால் பாழாகும் என்பதையே. கமநல சேவை நிலையத்திற் பதிவுள்ள கமக்காரர்க்கும், கஷ்டப் பிரதேசத்திற் கடமையாற்றும் வைத்தியர்க்கும், குறித்த ஆண்டுகளுக்குக் கைமாற்றத் தடையுடன் பதிவு செய்யும் முறையை வகுக்க இயலாத அரசாங்கமன்று இது.

அதுவரையும் வாங்க எண்ணுவோர்க்கு ஓரிரு சொல். கைவசம் நல்ல பழைய ஜீப்போ டபிள் கப் வண்டியோ இருப்பின் அவசரப்பட்டு விற்றுவிட வேண்டாம். பல வகை வண்டிகளுக்குக் காற்றழுத்தத்தால் இயங்கும் பூட்டினைப் பின்னர் வாங்கிப் பொருத்த இயலும். தேர்ந்த கராஜ் ஒன்றைக் கலந்து பேசுக. புதியது வாங்குவோர் பின்னச்சிலே மெய்ப்பூட்டு உண்டா, இல்லையா என்பதை விற்பனைப் பத்திரத்தில் எழுத்தில் பெறுக. கைகுலுக்கலும் காட்சியறைக் கோப்பியும் நீதிமன்றத்திற் சாட்சி சொல்லா.

வரி முறையை மாற்றும் கோரிக்கையை எமது பிரதிநிதிகள் அடுத்த வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் நிதியமைச்சின் தலைப்பின்கீழ் எழுப்ப வேண்டும். எழுப்பினரா என்பதைக் கன்சாட் அறிக்கையிற் பார்த்து இப்பத்தியில் அறியத் தருவோம்.